ஜூனில் வரும் அக்கா

ஒரு முறம் நிறைய மல்லாட்டை என்கிற நிலக்கடலை. முறத்துக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் வள்ளியம்மை, இந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு அமலா. இருவரும் உரித்துக்கொண்டே இருந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை.

செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியின் பின்கட்டு அறை அது. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பூங்குழலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வள்ளியம்மையின் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து அவளுக்கு அது முதல் வாரம். சமூகப்பணியில் பட்டம் வாங்கிவிட்டு அவலூர்பேட்டையில் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். உலகம் முழுக்கப் பேர் தெரிந்த ஒரு அம்மாவின் கீழே வேலை என்றதும் தலைகால் புரியாமல் ஓடி வந்தாள். அந்தப் பெரிய மனுஷி இப்படி மல்லாட்டை உரித்தே பொழுதைப் போக்குவார் என்று யார் கண்டது?

அமலா பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. சோறும் சரியாக இறங்குவதில்லை. வீட்டார் பேய் என்று பயந்து மேல்மலையனூர் அம்மன் கோயில் வரை கூட்டிப்போய் வந்துவிட்டார்கள். 'எதாவது கேளுங்களேன் மேடம்' என்று பூங்குழலியின் மனசு அடித்துக்கொண்டது. வள்ளியம்மை ஒரு பருப்பை வாயில் போட்டார். உடனே முகத்தை அஷ்டகோணலாக்கினார்.

"த்தூ! சொத்த. ஒரே கசப்பு."

அமலாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உரிக்கிற கையை நிறுத்தாமல், முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு எல்லாமே அப்டிதான் மேடம் இருக்குது."

அடேயப்பா! பூங்குழலிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அன்றைக்கு அந்தப் பெண் பேசினாள், அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினாள். வள்ளியம்மை "ம்", "அப்புறம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி அடித்து வெளியே வந்ததும் பூங்குழலி கேட்டே விட்டாள்.

"எப்டி மேடம்? பேயோட்டறவன்கிட்டகூட வாயத் தொறக்கலியாமே அந்தப் பொண்ணு?"

"கையில வேலை இருந்தா வாய்க்குப் பயம் போயிடும். எங்க பாத்திரக் கடையில பித்தளை வெளக்க வர்ற பொம்பளைங்க பேசாத கதையா? நான் படிச்ச படிப்பெல்லாம் அப்புறம் வந்ததுதான்."

கடைவீதியில் இன்னமும் அந்தப் பாத்திரக் கடை இருக்கிறது. அண்ணன்காரர் பார்க்கிறார். "வூட்டுக்கு ஒரு மாப்பிள்ளயத் தேடுடின்னா, ஊரு புள்ளைங்க மனசத் தேடிக்கினு இருக்கா" என்று இப்போதும் கல்லாவிலிருந்தே கிண்டல் செய்வார். வள்ளியம்மை ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில், கிராமத்துப் பிள்ளைக்கு மனக்கஷ்டமா, அதெல்லாம் பட்டணத்துச் சீக்கு ஆயிற்றே என்று பெரிய பெரிய இடத்தில் சிரித்தார்களாம். அவர் அசரவில்லை. வல்லம், தொண்டூர் என்று பஸ் ஏறி ஏறி, பதின்மூன்று பதினாலு வயதில் நம் பிள்ளைகள் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு தலை நரைத்துவிட்டார். இன்றைக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அவர் எழுதியதைப் படித்துவிட்டு விமானம் ஏறி வருகிறார்கள். அவர்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார். இப்படியும் ஒரு பிறவியா என்று பூங்குழலி மலைத்துப் போவாள்.

இந்தத் திட்டம்தான் அவருடைய உழைப்புக்கெல்லாம் முடிவு சொல்லப்போவது. செஞ்சி வட்டாரத்தில் சில பள்ளிகளைப் பொறுக்கி இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சி பெற்ற ஒரு அக்கா வாரம் இரண்டு நாள் போவாள். பிள்ளைகள் அவளிடம் மனசு விட்டுப் பேசலாம். மறுபாதிக்கு யாரும் போவதில்லை. அவ்வப்போது கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு வருவதோடு சரி. எந்தப் பள்ளி எந்தப் பாதி என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானித்தது. பூங்குழலிக்கு வாய்த்தது கேள்வி கேட்கிற வேலை.

"பேசினவங்க தேறினாங்கன்னா மட்டும் போதாது. பேச ஆளில்லாதவங்க இன்னா ஆனாங்கன்னும் காட்டணும். அப்பதான் கவர்மென்ட்டு நம்பும்" என்றார் வள்ளியம்மை. "வருஷம் முடிஞ்சதும் ஜூன்ல அந்தப் பள்ளிக்கூடங்களுக்கும் அக்கா போவா. அந்த வாக்க குடுத்துட்டுதான் உள்ளயே கால வெச்சேன்."

வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில்தான் கலைமதியைப் பார்த்தாள் பூங்குழலி. ஒன்பதாம் வகுப்பு. அம்மாவும் நைனாவும் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். இரண்டு தம்பிகளோடு அத்தை வீட்டில் இருக்கிறாள். விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பிகளைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு வருவாள். வந்து உட்கார்ந்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்குமாம், கை வேர்க்குமாம்.

"மனசுல இருக்கிற கஷ்டத்தச் சொல்ல ஒனக்கு யாராவது இருந்தாங்களா?" என்று பூங்குழலி அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"இதோ நீங்க கேக்கறீங்களே" என்றது அந்தப் பெண், கண்ணை அகலத் திறந்து.

பூங்குழலி தாளிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கேட்க வேண்டியதைக் கேட்பது மட்டும்தான் அவள் வேலை. ஆறுதல் சொல்லக் கூடாது. 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வள்ளியம்மையிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு நாள் நீங்க அந்தப் பொண்ணப் பாத்தா போதும் மேடம்."

"உயிருக்கு ஆபத்துன்னா சொல்லு, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இருக்குதா?"

"அந்த அளவுக்கு இல்ல மேடம்."

வள்ளியம்மை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் வெகுநேரம் துடைத்தார். "ஒருத்திக்காக இப்ப நான் போனா எல்லாருக்கும் கெடைக்க வேண்டியது கெட்டுப்போயிடும். ஜூன் வரைக்கும் பொறுக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த தடவை போனபோது கலைமதியே ஓடி வந்தாள். "ஒன்பதோட நின்னுக்க, துணிக் கம்பெனிக்குப் போன்னு அத்த சொல்லுதுக்கா. அந்த அக்கா வரட்டும், அவங்களாண்ட பேசிட்டு அப்புறம் பாக்கலாம்னுட்டேன். எங்க பெரியப்பா பொண்ணு அமலா செஞ்சியிலதான் படிக்குது. முன்னல்லாம் செவுத்தயே பாத்துக்கினு கெடக்கும். இப்ப பாட்டு பாடுதுக்கா! நம்பவே முடியல. ஜூன் வரைக்கும் நானும் பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுவேன்."

"நிச்சயம் வருவாங்கடா" என்றாள் பூங்குழலி. அதைச் சொல்ல மட்டும் அவளுக்கு அனுமதி இருந்தது.

கோடை விடுமுறையில், செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் முடிவை வெளியிட்டார்கள். அதிகாரிகளும், பணம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். வள்ளியம்மை மேடையில் ஏறி, பிள்ளைகள் மனசு தேறின கணக்கைத் திரையில் இரண்டே இரண்டு கோடுகளாகக் காட்டினார். அக்கா போன பள்ளிகளின் கோடு மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. மற்றதன் கோடு போட்ட இடத்திலேயே தரையோடு கிடந்தது. மண்டபமே வாயைப் பிளந்தது. இத்தனை தெளிவாக இதற்கு முன் பார்த்ததில்லை என்று ஒரு அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். பூங்குழலிக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷியால் இவ்வளவு முடியுமா! கைதட்டிக்கொண்டே இருந்தவள் கீழ்க்கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அதில்தான் கலைமதி இருந்தாள். அந்தக் கோடு அசையாமல் கிடந்ததால்தான் மற்றது அத்தனை உயரமாகத் தெரிந்தது. அவள் கை தானாக நின்றுபோயிற்று.

வள்ளியம்மைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாநிலம் முழுக்க இதைக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். ஆள் போடுவதற்கு மட்டும் இப்போது வழியில்லை, கோப்பு மேலே போகட்டும், பார்க்கலாம் என்றார்கள். நிறுவனத்துக்காரர்கள் இங்கே பணம் கொடுப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்ததாக வேறொரு தேசத்தில் வேறொரு விஷயத்தைத் தொடங்கப்போகிறார்களாம். வள்ளியம்மை அவர்களுடைய கார் வரைக்கும் பின்னாலேயே போனார். "ஜூன்ல அனுப்பறேன்னு புள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அவர்கள் கையைப் பற்றி அன்போடு குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்கள். களப்பணியாளர்களுக்கும் அந்த மாதத்தோடு வேலை முடிந்தது. ஜவுளிக்கடை முதலாளி பழைய சம்பளத்துக்கே பூங்குழலியை வரச் சொல்லிவிட்டார்.

பள்ளி திறந்த வாரம் வள்ளியம்மை போன் செய்தார். "நான் குடுத்த வாக்கு. இல்லைன்னு நானேதான் போய்ச் சொல்லணும். நீயும் வரியா?"

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் வல்லத்துப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கிப் பள்ளி வாசலை மிதித்ததும் தலைமையாசிரியர் இளையபெருமாள் எதிரே ஓடி வந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். லீவுலயே வந்து புள்ளைங்களே பண்ணிக்கிச்சுங்க."

அவர் காட்டியது, பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஒரு அறை. உடைந்த பெஞ்சுகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, சுவருக்கு அவர்களே வெள்ளையடித்திருந்தார்கள். சன்னலுக்கு யாருடைய அம்மாவுடைய புடவையோ திரையாகத் தொங்கியது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மண்பானை, மூடியின் மேல் கவிழ்த்த டம்ளர். வாசலில் பெரிய கோலம். கதவில் சாக்பீஸால் 'அக்கா அறை' என்று எழுதியிருந்தது.

"வந்துட்டாங்க! அக்கா வந்துட்டாங்க!" என்று ஒரு கூச்சல் கிளம்பியது.

"ஏய், தலையெல்லாம் நரைச்சிருக்குதுடி."

"நரைச்ச அக்காடி. போய் நில்லு."

எத்தனையோ சபையில், எத்தனையோ மேதாவிகளுக்குச் சளைக்காமல் பதில் சொன்ன வள்ளியம்மையின் வாய் திறந்தபடி நின்றது. அவர் செருப்பைக் கழற்றினார். கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய் உள்ளே உட்கார்ந்தார். முதல் பிள்ளை பாவாடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வரிசை நின்றது. தாழ்வாரம் முடிந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சத்துணவுக் கூடத்தையும் தாண்டிப் போயிருந்தது. ஒருத்தியும் தள்ளவில்லை, சிரிக்கவில்லை. இத்தனை பேரா என்று பிரமித்துப் போய் பூங்குழலி வரிசையோடு நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் கலைமதி நின்றிருந்தாள்.

"நீ ஏன்டா கடைசியில நிக்கற?"

"சின்னதுங்க அழுவுதுங்கக்கா. எனக்குதான் ஒரு வருஷமா பழகிப்போச்சே."

பொழுது சாய்ந்தது. வரிசை நாலு ஆள் அளவுதான் நகர்ந்திருந்தது.

"இன்னிக்கி என் மொற வராது போல" என்றாள் கலைமதி. "பரவால்ல. இனிமேதான் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாங்க இல்ல?"

பூங்குழலி வாயைத் திறந்தாள். அதற்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்தது. கலைமதி ஒரு அடி பின்னால் நகர்ந்து, அதற்குத் தன் முன்னால் இடம் விட்டாள்.