வீடு போய்ச் சேருகிற மட்டும்

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை வீரம்மாள் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது. திண்டிவனம் முப்பது கிலோமீட்டர். அதற்குள் புருஷனுக்கு மூச்சு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் மனசில்.

அவர்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம். வெளியே உயிர் விட்டவரை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். அவள் புருஷன் கோதண்டபாணியின் அண்ணன் சென்னையில் இறந்து வந்தபோது, தான் கட்டின வீட்டுக்கு எதிரிலேயே, சாக்கடை ஓரம் சாமியானாவுக்குக் கீழே கிடந்தார். அன்றைக்குக் கோதண்டபாணி சொன்னார்: "என்னைத் தெருவுல போட்றாத வீரம்மா. கூடத்துல வச்சி அனுப்பு." அவள் சரியென்று தலையாட்டியிருந்தாள்.

கூடத்தைக் கழுவிப் பாய் போட, கொழுந்தன் பெரியதம்பி முன்னாலேயே போய்விட்டான். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் வாடகைக் கார். பின்சீட்டில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் டிரைவருக்கு முன்னால் சிவப்பாக ஒரு லைட் எரிந்தது. கூடவே ஒரு கீச்சுச் சத்தம்.

"இன்னாப்பா அது?"

"பிரேக் லைட்டு பெரிம்மா. காலையிலேர்ந்து விட்டு விட்டு எரியுது. ஒண்ணும் இல்ல, போயிடலாம்," என்றான் டிரைவர் தென்னரசு.

மூடிக் கிடந்த கண்கள் திறந்தன. "ஓரங்கட்டு."

முப்பத்தோரு வருஷம் இதே ரோட்டில் தனியார் பஸ் ஓட்டினவர். பிரேக் சரியில்லை என்று ஒரு சித்திரை வெயிலில் அத்தனை பேரையும் இறக்கிவிட்டு, பஸ்ஸே சேர்ந்து அவரைத் திட்டியபோது, படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்ற மனுஷன்.

"இந்தாய்யா, பேசாம வா. வண்டி நல்லாத்தான் போவுது," என்றாள் வீரம்மாள்.

"உள்ள மூணு உசிரு இருக்குது," என்றார்.

தென்னரசு நிறுத்தினான். அதற்கு மேல் அவருடைய குரல் முன்சீட்டுக்குக்கூட எட்டவில்லை. அவர் முனகியதை வீரம்மாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஹேண்ட்பிரேக்கு முழுசா எறங்கிக்கிதான்னு கேக்கறாரு."

இழுத்து இறக்கினான். லைட் அப்படியே எரிந்தது.

"பெடலை மிதிக்கணுமாம். பஞ்சு மாதிரி உள்ள போவுதா, கல்லு மாதிரி நிக்குதா?"

"கல்லு மாதிரி நிக்குது பெரிம்மா."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். பிரேக் ஆயில் அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தது. "டிக்கில ஒரு பாட்டில் இருக்குது. ஊத்தினா லைட்டு போயிடும், கெளம்பிடலாம்!"

"ஊத்தச் சொல்லாத," என்றார் கோதண்டபாணி. "கொறஞ்சது எங்க போச்சி? நாலு சக்கரத்தாண்டயும் ஈரம் இருக்கான்னு பாக்கச் சொல்லு."

ஊத்திட்டுக் கிளம்புப்பா என்று அவள் மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வாள், சொல்லுங்கள்? சொன்னதைச் சொன்னாள். தென்னரசு ரோட்டோரத்தில் குப்புறப் படுத்து நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தான். எங்கேயும் ஈரமில்லை.

"ஒழுகல. அப்ப பிரேக்கு பேடு தேஞ்சிப்போச்சி. அது தேயத் தேய ஆயிலும் எறங்கும். இப்ப ஊத்திக்க. நாளைக்குப் பேடு மாத்திடு. அதுவரைக்கும் நாப்பதுக்கு மேல போவாத." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாலு நாள் ஆகியிருந்தது.

லைட் அணைந்தது. கார் நாற்பதில் போனது. லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. கூட்டேரிப்பட்டு வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் ஜல்தியா போ நைனா."

"நாப்பது," என்றது தோளில் கிடந்த தலை.

அப்புறம் அவர் பேசவில்லை. திண்டிவனத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற பலகை தாண்டியபோது தோளில் பாரம் கூடினது மாதிரி இருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை எடுக்காமலே இருந்தாள்.

கண்ணாடியில் பார்த்துவிட்டான் தென்னரசு. "பெரிம்மா..."

"ஓட்டுப்பா. திரும்பாத."

அழுதால் கண் சிவக்கும். சிவந்த கண்ணோடு இறங்கினால் தெருவுக்குத் தெரிந்துவிடும். அவருடைய துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தலை சாயாமல் தாடையைத் தாங்கிக்கொண்டாள். "தோ, ஊரு வந்துட்ச்சியா. இன்னும் ரெண்டு தெருதான்," என்று அவரிடம் பேசிக்கொண்டே வந்தாள். தென்னரசின் கன்னத்தில் நீர் வழிந்தது. அவன் நாற்பதைத் தாண்டவேயில்லை.

வாசலில் ஜனம் நின்றிருந்தது. பெரியதம்பி ஓடிவந்து கதவைத் திறந்தான். "அண்ணி, உசிரு...?"

"இருக்குது. உள்ள தூக்கு."

அண்ணனின் தோளுக்கடியில் கை கொடுத்தவன் ஒரு கணம் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "வழி விடுங்க! மூச்சு இருக்குது!"

பெரியதம்பி தலைமாட்டையும் தென்னரசு கால்மாட்டையும் தூக்க, அவர் படி தாண்டினார். கூடத்துப் பாயில் படுக்கவைத்து, ஒரு ஸ்பூன் பால் விட்டாள். அது கடைவாயில் வழிந்தது. யாரும் பார்க்குமுன் முந்தானையால் துடைத்தாள்.

"போயிட்டாரு," என்றாள்.

கூடமே ஓவென்று அலறியது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் தென்னரசின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மவராசன், வேகமா ஓட்டியாந்து வூடு சேத்தியே!"

அதுவரை தாங்கினவள் அந்த வார்த்தையில் உடைந்தாள்.

"வேகமா வரலம்மா," என்று அவர் மார்பின் மேல் விழுந்தாள். "வேகமா வரல... அவரு வர விடல..."