கூரைத் தகரம்

மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது, மண் சரியும், தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று காலையில் சொன்னார்கள். மதியத்துக்குள் கிருஷ்ணகுமாரி தன் வீட்டை டிரெயிலரில் ஏற்றிவிட்டாள். புருஷன் கொழும்பில் கடை வேலை. மழையில் பஸ் ஓடவில்லை. கூரைத் தகரங்களை அவளே ஏறிக் கழற்றினாள். வருஷக்கணக்கில் ஒழுகியும் தோட்ட நிர்வாகம் மாற்றித் தராத கூரைக்கு, நிவித்திகல டவுனில் தன் காசில் வாங்கிப் போட்ட தகரம். எங்கே கொண்டுபோய் விட்டாலும் நாலு கம்பு நட்டு அதை மேலே போட்டால் வீடு.

டிரெக்டர்க்காரன் அழகமுத்து மலைப்பாதையில் வண்டியை முதல் கியரிலேயே இறக்கினான். பிரேக்கில் கால் வைக்கவில்லை. பிரேக் பிடித்தால் சேற்றில் டிரெக்டர் நிற்கும், பின்னால் வரும் டிரெயிலர் நிற்காது. அவள் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு டிரெயிலர்ச் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்தாள்.

கோயில் வளைவில் டிரெயிலரின் வால் பள்ளத்தை நோக்கி வழுக்கியது.

"கட்டய போடு தங்கச்சி!"

போட்டாள். ஒருவழியாக நின்றது.

"பாரம் கூடிப்போச்சு. இதுக்கு மேல எறக்குனா டிரெயிலர் என்னைய முந்திக்கிட்டுப் போயிரும். தகரமா, அலுமாரியா? ஒன்ன எறக்கு."

"அலுமாரிய தள்ளுங்க அண்ணே."

"கல்யாணச் சீரு புள்ள. ஒங்கப்பன் எந்திரிச்சு வந்து என்னைய அடிப்பாரு."

"பேயிற மழைக்கு அலுமாரிக்குள்ளயா படுக்க முடியும்? தள்ளுங்க."

இரும்பு அலுமாரி தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு உருண்டது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிவாரத்துக் கேட்டில் தோட்டத்துக் காவல்காரர் வாச்சர் ஐயாவு குடையோடு நின்றிருந்தார்.

"தகரத்த எறக்கிரு கிருஷ்ணா. லயத்துல அடிச்சதெல்லாம் தோட்டத்துச் சாமானாம். மனேஜர் தொரையோட ஓடர்."

"அது நான் வாங்குனது மாமா. ஒங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. தெரிஞ்சு என்ன பண்ண?"

அழகமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தான். தகரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வெறும் மூட்டைகளும் சட்டிபானையும் மிஞ்சின.

ஐயாவு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தகரத்த எடுத்துக்க. நான் பாக்கல."

"வேணாம். ஒன்ன மட்டும் எடுத்தா மத்ததெல்லாம் தோட்டத்தோடதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

மிச்சச் சாமான் டிரெயிலரில் வர, ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். பின்னால், அடுக்கிய தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் படுத்திருக்கையில் கேட்கும் அதே சத்தம்.