பலகையில் சிரிக்கும் லீலாவதி

தண்ணீர் டாங்கர் வந்து நாலு நாளாகிறது. இன்றைக்கு நிச்சயம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, காலை ஐந்தரைக்கே பஸ் ஸ்டாப் பக்கத்தில் நீலக் கேன்கள் வரிசை கட்டிவிட்டன. கேன் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் சாக்கட்டியால் பேரெழுதி இடம் பிடித்திருந்தார்கள். லீலாவதி தன் மூன்று கேன்களையும் வரிசையில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். இருபது நாளாக அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

திரும்பினால் அங்கே இன்னொரு லீலாவதி. பஸ் ஸ்டாப்பின் கூரைமேல், சர்க்கார் விளம்பரப் பலகையில், எட்டடி உயரத்தில், குழாயடியில் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீரை ஏந்தியபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் முதல்வர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே இந்தியில் கொட்டை எழுத்து: 'இப்போது என் வீட்டில் நாளெல்லாம் தண்ணீர். - லீலாவதி, குடும்பத் தலைவி.' இந்தி படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்துச் சொல்லிவிட்டன. அதுவும் ராகம் போட்டு!

ஏழு மணிக்கு டாங்கர் வந்தது. வண்டி நிற்பதற்குள் ஆம்பிளைகள் மேலே ஏறி மூடியைத் திறந்து ரப்பர் குழாய்களை உள்ளே விட்டார்கள். லீலாவதியின் முறை வந்தபோது, குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டுப் பச்சையம்மா. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து இருவரும் ஒரே ரயிலில் டெல்லிக்கு வந்தவர்கள். பதினெட்டு வருஷப் பழக்கம்.

"ஒனக்கு எதுக்குடி தண்ணி? ஒன் வூட்லதான் நாளெல்லாம் கொட்டுதாமே!"

"பதினோரு நாள் கொழந்த இருக்குடி வூட்ல. புள்ள பெத்த எம்பொண்ணு கனிமொழி துணி அலசணும்."

"போயி அந்தப் போட்டோவுல இருக்கிற கொழாயில அலசு."

வரிசை முழுக்கச் சிரித்தது. டிரைவரும் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அரே மேடம்! ஆப் லைன் மே?" என்று, நீங்களுமா வரிசையில் என்கிற மாதிரி, சலாம் வைத்தான். ஒன்றரைக் கேன் நிரம்பியதும் குழாய் அடுத்தவள் கேனுக்குப் போய்விட்டது. லீலாவதி நிரம்பாத கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்தால் தேவலை என்ற நினைப்போடு சந்துக்குள் நடந்தாள்.

சந்தில் குழாய் இல்லாமலில்லை. போன தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்றாகச் சுவரில் பதித்துவிட்டுப் போனார்கள். பளபளவென்று வெள்ளிக் குழாய். பின்னால் பைப்தான் கிடையாது. திருகினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இப்போது அதில் பச்சையம்மா துடைப்பத்தை மாட்டுகிறாள். அடுத்த வீட்டில் பால் பை தொங்குகிறது. அன்றைக்கு இந்த முதல்வரின் கட்சி ஜெயித்ததும் இதே சந்தில் ஆயிரம்வாலா வெடித்தவர் இஸ்திரிக்கடை அப்பாவு. இந்தக் கோடையில் அவர் கடையில் துணி கொடுக்க வருபவர்களெல்லாம் சர்க்காரைத் திட்டிவிட்டுத்தான் துணியை எடுத்து வைக்கிறார்கள்.

போட்டோ எடுத்தது தை மாசத்தில். வார்டு கட்சிக்காரன் பிரதீப் இரண்டு கேமராக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். விவரம் தெரியாத அந்தக் கேமராக்காரர்கள் சந்திலிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்கள். பிரதீப்புக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போது முந்திக்கொண்டு பேசியது வேறு யாருமில்லை, லீலாவதிதான். "நான் வேலை செய்யற சொசைட்டி தோட்டத்துல ஒரு கொழா இருக்கு பையா. ஜோரா வரும்."

டெல்லியின் துவாரகா பகுதியில் அந்த அடுக்குமாடித் தோட்டத்துக் குரோட்டன்ஸ் செடி ஓரமாக அவளை நிறுத்தினார்கள். கையைக் குவிக்கச் சொன்னார்கள். வலது மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட தழும்பு, பிறை மாதிரி. அவள் அதை மறைக்கப் பார்த்தபோது, "விடுங்க ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல எடுத்துடுவாங்க" என்றான் பிரதீப். போகும்போது அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "பைப் வந்தா மொத கனெக்ஷன் எங்க வூட்டுக்குக் குடுப்பியா?"

"பக்கா, ஆன்ட்டி."

தெருவுக்கே கேட்டிருக்கலாம். யார் தடுத்தது? வாயில் அது வரவில்லை. போட்டோ விஷயம் பலகை ஏறியதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் யாருக்கும் தெரியாது. கலியனிடம்கூட, கட்டின புருஷனிடம்கூட, அவள் சொல்லவில்லை.

டாங்கர் வந்த அன்று சாயங்காலம் அப்பாவு வீடு வீடாக வந்தார். "திங்கக்கெழம தண்ணி ஆபீஸ் முன்னாடி மட்கா ஒடைக்கிறோம். மூணு காலனி சேர்றாங்க. வூட்டுக்கு ஒரு ஆளு, ஒரு மண்பானை. ஞாபகம் வச்சிக்குங்க." குடிக்கத் தண்ணீரில்லாவிட்டால் ஆபீஸ் வாசலில் வெறும்பானையைப் போட்டு உடைப்பது டெல்லி வழக்கம். லீலாவதி வாசலில் எழுந்து நின்றாள். அப்பாவு குனிந்த தலை நிமிராமல் அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நம்ம வூட்டுக்குச் சொல்லலியாம்மா?" என்று உள்ளேயிருந்து கனிமொழி கேட்டாள். விமான நிலையத்தில் டிராலி தள்ளிவிட்டு வந்திருந்த கலியன் சாப்பிடுவதை நிறுத்தினான். கையைக் கழுவினான், அரை டம்ளர் தண்ணீரில். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு லீவு சொன்னாள். ரோட்டோரக் குயவனிடம் இருந்ததிலேயே பெரிய பானையாக வாங்கினாள். முந்தானையை மூக்குவரை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசியில் யாரோபோல நடந்தாள்.

ஆபீஸ் கேட் சாத்தியிருந்தது. தடுப்புக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் நின்றார்கள். இந்தப் பக்கம் கூட்டம் நானூறு பேருக்குக் குறையாது. "பானி தோ! பானி தோ!" என்று தண்ணீர் கேட்டுக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. முதல் பானையை அப்பாவு உடைத்தார். பிறகு பானைகள் மளமளவென்று விழுந்தன. லீலாவதியும் தன் பானையைத் தலைக்குமேல் தூக்கினாள். தூக்கியதில் முக்காடு நழுவியது.

"அரே, யே தோ ஹோர்டிங் வாலி ஹை!" பலகையில் இருக்கிறவள் இவள்தான் என்று கூட்டத்தில் ஒரு குரல்.

டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு ஓடிவந்தாள். சுற்றி இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். பச்சையம்மா முன்னால் வந்து நின்றாள். "பேசுடி. இங்கியும் சிரிச்சிக் காட்டு, பாப்போம்."

பானை தலைக்குமேலேயே இருந்தது. "ஓ நல் மேரா நஹீ ஹை," என்றாள் லீலாவதி. அந்தக் குழாய் தன்னுடையதில்லை என்று மைக்குக்கு இந்தியில் சொன்னவள், அப்புறம் பச்சையம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "எடத்தக் காட்டிக் குடுத்ததே நான்தான்டி. மொத கனெக்ஷன் எனக்கு வேணும்னு கேட்டேன். எனக்கு மட்டும். தெருவுக்குக் கேக்கல. புத்தி அப்படிப் போச்சு."

டிவிக்காரிக்கு அது புரியவில்லை. புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. லீலாவதி பானையை ஓங்கித் தரையில் போட்டாள். ஓடு பச்சையம்மாவின் கால்வரை தெறித்தது.

பச்சையம்மா குனிந்து அந்த ஓட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தாள். "ஒடைக்கிறதுக்கு எவளாவது இவ்ளோ பெரிய பானை வாங்குவாளா? கூறுகெட்டவ," என்று சொல்லிவிட்டு லீலாவதியின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

ராத்திரிக்குள் எல்லோர் போனிலும் லீலாவதி வந்துவிட்டாள். பிரதீப் இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, கேன் வரிசை நின்றுகொண்டிருந்தபோது, ஏணியோடு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். "பைப்காரங்க! பைப்காரங்க!" என்று பிள்ளைகள் ஓடின. அவர்கள் பஸ் ஸ்டாப் கூரைமேல் ஏறி லீலாவதியைக் கிழித்துச் சுருட்டிக் கீழே போட்டார்கள். வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். புது பேனரை விரித்து நாலு மூலையும் இழுத்துக் கட்டினார்கள்.

இத்தனை நாளில் முதல்தடவையாக லீலாவதி திரும்பி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். அதே குழாய், அதே குரோட்டன்ஸ். முகம் வேறு. சிவப்பாக, நெற்றி வகிட்டில் குங்குமத்தோடு ஒரு சின்னப் பெண். 'குசும் தேவி, குடும்பத் தலைவி' என்று பிள்ளைகள் படித்தன. அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

தண்ணீரை ஏந்திய கை கறுப்பாக இருந்தது. வலது மணிக்கட்டில் பிறை மாதிரித் தழும்பு.

பச்சையம்மாவும் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள், லீலாவதியின் கையைப் பார்த்தாள். தன் கேனைப் பின்னால் இழுத்துவிட்டு லீலாவதியின் கேனை முன்னால் தள்ளினாள். "பச்சப்புள்ள இருக்கிற வூடு. மொதல்ல புடிச்சிக்க," என்றாள்.

லீலாவதி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மணி ஒன்பதாகிவிட்டது, டாங்கர் வரவில்லை. மேலே அவள் கை நிறையத் தண்ணீர் இருந்தது.