பரஸ்தானம் வைத்த மூட்டை

அந்தக் குடும்பத்தில் யாரை முதலில் திட்டுவது என்றே சந்தனம்மாளுக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் இருந்தார்கள்.

கேட்டது என்ன பெரிய விஷயமா? சித்ரா பௌர்ணமிக்குக் கூடலூர் போய், மலையேறி மங்கலதேவியில் கண்ணகியைக் கும்பிட வேண்டும். மறுநாள் தேக்கடி ஏரியில் படகேறி யானை பார்க்க வேண்டும். மூன்றே நாள். அவள் புருஷன் சுருளியாண்டி நாற்பது வருஷமாக அந்த ஏரித் தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார். அது புறப்படுகிற இடத்தைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று சொன்னவரும் அவர்தான். இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் படலம் ஏறுகிறது என்று மதுரை டாக்டர் சொல்லி மூன்று வருஷம். அந்தக் கண் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் அவசரம்.

முதல் வருஷம் நாத்தனார் பிச்சையம்மாளின் பேத்திக்குச் சடங்கு. போன வருஷம் வண்டி பூட்டிய பிறகு பூனை குறுக்கே போயிற்று என்றாள் பிச்சையம்மாள். அந்தப் பூனையை வேறு ஒருவரும் பார்க்கவில்லை. சுருளியாண்டி மறுபேச்சில்லாமல் மாட்டை அவிழ்த்துவிட்டார். அக்கா சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

இந்த வருஷம் குமுளி ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் பொன்னுராஜ், படகுக்கு அனுமதிக் கடுதாசியே வாங்கிக் கொடுத்திருந்தான். அப்போதும் பிச்சையம்மாள் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம மேக்க சூலம். தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் மதினி. அதுக்குத்தான் பரஸ்தானம் வைக்கப்போறேன்."

மேற்கே சூலம் இல்லாத சனிக்கிழமையே பயண மூட்டையை அந்தத் திசையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால், அன்றைக்கே புறப்பட்டதாக அர்த்தம். பிறகு எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. ஊரின் மேற்குக் கோடியில் இருந்தது பிச்சையம்மாள் வீடுதான். வேட்டி, சேலை, புளிக்காய்ச்சல், கடுதாசி எல்லாவற்றையும் சிவப்புத் துணியில் கட்டி, அவள் சாஸ்திரத்தை அவள் வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தாள் சந்தனம்மாள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஞாயிறு விடிந்ததும் வண்டி பிச்சையம்மாள் வாசலில் நின்றது. மூட்டையை எடுக்க உள்ளே போன சுருளியாண்டி வெளியே வரவில்லை.

"மூட்ட எடுக்க மூணு மாசமா?" என்று முனகிக்கொண்டே எட்டிப் பார்த்தாள் சந்தனம்மாள்.

மூலையில் சிவப்பு மூட்டை பளிச்சென்று இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், சுவரைத் தடவி, பருத்திக்கொட்டைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டுக்கா என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்ப்பதாக நினைத்துக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன வையாத," என்றாள் பிச்சையம்மாள். "போன வருசமே வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டான். அங்கன போயி ஒண்ணும் தெரியலன்னா நீ அழுவியாம். எதையாச்சும் சொல்லி நிப்பாட்டுக்கான்னான். பூனைய நான் எங்க கண்டேன்."

செம்பைத் தட்டிவிட்டதற்கும் வரப்பு மாறி இறங்கியதற்கும் அவரைத் திட்டிய திட்டெல்லாம் சந்தனம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கூட இருந்தும் கவனிக்காத தன்மேலேயே வந்த கோபம் அது.

"நான் என்னத்தப் பாக்கப்போறேன். நீ அக்காவக் கூட்டிட்டுப் போயிட்டு வா," என்றார் அவர்.

அவள் சாக்கைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, சிவப்பு மூட்டையை அவர் கையில் திணித்தாள்.

"பரஸ்தானம் வச்சாச்சு. நேத்தே கெளம்பியாச்சு. கெளம்புன பெறகு வீட்டுக்குத் திரும்பலாமான்னு ஒங்க அக்காகிட்டயே கேளுங்க."

பிச்சையம்மாள், "திரும்பக்கூடாது தம்பி," என்றாள்.

"யானைய நான் பாத்துச் சொல்றேன். நீங்க தண்ணிக்குள்ள கைய விடுங்க. நாப்பது வருசமா பாய்ச்சுன தண்ணி ஒங்களுக்கு அடையாளம் தெரியாமயா போயிரும்? ஏறுங்க."

அவர் காலால் தடவி வண்டியில் ஏறினார். பிச்சையம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி, தெருக்கோடி வரைக்கும் ஒரு பூனை குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டாள்.