கழுவி வைத்த மின்முனை

மாலை நான்கு மணிக்குள் அவள் பாதுகாப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால் புதிய லித்தியம் பேட்டரி சக்கர நாற்காலிகளுக்குப் போகும். முதல் நாற்காலி அவளுடைய அண்ணனுக்கு. தலைமாட்டிலேயே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் அவன்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கணக்கக்கா என்று பெயர். பேட்டரியின் மின்முனைக்குள் எலக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணினியில் கணக்கிடுவது அவள் வேலை. முழுக்கச் சார்ஜ் ஏற்றினால் உலோகம் மட்டுமல்ல, ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பறிகொடுக்கும், சூடு பட்டால் பிடி தளர்ந்து வெளியேறும், தீ பிடிக்கும் என்றது கணக்கு. சூடேற்றிப் பார்த்த சோதனையிலோ, மூன்று முறையும் வெப்பத்தைக் காட்டும் கோடு அசையவில்லை.

"உங்க எலக்ட்ரான் கம்ப்யூட்டர்லதான் கலாட்டா பண்ணுது. எங்கிட்ட வந்தா சமத்தா தூங்கிடுது" என்று சிரித்தார் சோதனை அடுப்பைக் கவனிக்கும் அடுப்புக்காரர்.

எது பொய்? கணக்கை மறுபடி போட்டாள். அதே விடை. 'கடவுளே, ஒரு வழி காட்டு' என்று எழுந்து அடுப்புக்காரரின் அறைக்குப் போனாள். நாலு மாதக் கர்ப்பிணி. பேட்டரித் திரவத்தின் வாடைக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாதிருந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தாள். கையை எடுத்தாள்.

"வாடையே இல்லையேண்ணே?"

"உங்களுக்குக் குமட்டுதேன்னு, மின்முனையைக் கழுவி, காயவெச்சுத்தான் அடுப்புல வெக்கிறேன். மின்முனையைத்தானே சோதிக்கிறோம்?"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தத் திரவம் இருந்தாதானேண்ணே, வெளிய வர்ற ஆக்சிஜனுக்கு எரிக்க ஏதாவது கிடைக்கும்!"

கழுவாத மின்முனையை வைத்தார்கள். மூன்றரை மணிக்குக் கோடு செங்குத்தாக எகிறியது. அடுப்புக்காரர் முகம் வெளுத்துப்போனது.

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? அவளுக்குத் தெரியவில்லை. அறிக்கையில், 'முன்பு சோதித்த மின்முனை கழுவப்பட்டிருந்தது. சார்ஜ் அளவைக் குறைத்து மீண்டும் சோதிக்கவும்' என்று மட்டும் எழுதினாள். அவர் பேனாவை வாங்கி, 'கழுவியது நான்' என்று கீழே எழுதினார். பிறகு அவள் நாற்காலியைக் காற்று வரும் ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார்.

அவள் அண்ணனைப் போனில் அழைத்தாள். "இன்னும் கொஞ்ச நாளைக்குப் பழைய நாற்காலிதாண்ணா."

"ஏன்டி, கணக்கு தப்பாயிடுச்சா?"

"இல்லண்ணா. ஒருத்தர் எனக்கு நல்லது பண்ணிட்டாரு."

"அதுக்கா அழுவுற?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள்.