சனிக்கிழமை எண்ணெய்

அப்துல் ஹலீமின் கார் அன்று காலை ஜொகூரின் ஆயர் ஈத்தாம் ஊர்ப் பட்டறைக்குத் தானாக ஓடி வரவில்லை. மரம் ஏற்றும் லாரி ஒன்றின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு, சந்தைக்குப் போக மனமில்லாத மாடு மாதிரி இழுபட்டு வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டிரைவர் வேலு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே ஃபிட்டர் செல்லப்பனுக்குத் தெரிந்துவிட்டது, கெட்டுப்போனது கார் மட்டும் இல்லை என்று.

செல்லப்பன் அப்போதுதான் முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். அது முடியாமல் அவர் ஸ்பானரைத் தொடுவதில்லை.

லாரியிலிருந்து இறங்கினார் ஹலீம். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். சம்பள நாட்களில் பாலோ ஊர் வரைக்கும் உள்ள ரப்பர் தோட்டங்களுக்குச் சேலையும் வேட்டியும் ஏற்றிக்கொண்டு போய் விற்பார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய இங்கிலீஷ் கார்தான் அவருக்கு அந்த வியாபாரத்தின் கால். பெரியவர் சிறியவர் எல்லோரும் அவரை, அண்ணன் என்கிற பொருளில், நானா என்றே கூப்பிடுவார்கள்.

“யோங் பெங் ரோட்டு மேட்டுல மண்டிபோட்டு உக்காந்துருச்சு செல்லப்பா,” என்றார். “உள்ளுக்குள்ள சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம். இது எண்ணெயில கை வெச்ச வேலை. நல்ல எண்ணெயை வித்துப்புட்டு, கண்டதை ஊத்தி ஓட்டுறானுவளாம் சில பேரு. காப்பிக்கடையில நேத்துத்தான் பேசிக்கிட்டாங்க.”

“மொதலாளி, நான் அப்படிச் செய்ற ஆளா?” என்றான் வேலு.

“அதை நீ சொல்லாதே. செல்லப்பன் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாரேன். பிரிச்சுப் பாத்து வைய்யி. இவன் களவாண்டிருந்தா அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிட்டுப் போகட்டும்.”

வேலுவும் அவன் மனைவி வெள்ளையம்மாவும் கைக்குழந்தையும் குடியிருந்தது துணிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். வேலை போனால் கூரையும் போகும். அது கூடப் பெரிதில்லை. வேறு எங்காவது கிடைக்கும். ஆனால் காரை இழுக்க லாரி பேசுவதற்காகக் காப்பிக்கடை வாசலில் நின்றபோதே ஹலீம் “திருட்டுப் பய” என்று சத்தம் போட்டுவிட்டார். அங்கேதான் இந்த வட்டாரத்து டிரைவர்கள் எல்லோரும் கூடுவார்கள். அந்தப் பெயரோடு போகிறவனுக்கு ஜொகூரில் எந்த முதலாளி சாவியைக் கொடுப்பான்?

ஹலீம் போனதும் செல்லப்பன் காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். எண்ணெய் வழிய வேண்டிய இடத்தில் எண்ணெய் வழியவில்லை. பழுப்பு நிறத்தில், பலாப்பழத்துப் பால் மாதிரி ஏதோ பிசுபிசுவென்று இறங்கியது. எண்ணெயை வடிகட்டி மேலே அனுப்பும் கம்பிவலையை அந்தப் பிசின் முழுசாக அடைத்திருந்தது. எண்ணெய் ஏறாததால், இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஈயப்பூச்சு உருகி ஓடிப்போயிருந்தது. சம்மட்டிச் சத்தம் அதுதான்.

விரலில் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்தார். கருகின வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அது மறக்காது. மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிட்டு, ஓடிப்போகாமல் கையைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த வாடை.

“வேலு, இதுல வெளக்கெண்ணெய் எப்படி வந்துச்சு?”

“வெளக்கெண்ணெயா?” வேலு எட்டிப் பார்த்தான். “சத்தியமாத் தெரியாதுண்ணே. தகரத்தை ஒடைச்சு நான்தான் ஊத்துவேன். வேற ஆளைத் தொடவே விடமாட்டேன்.”

வேறு ஆள் தொடவில்லை என்றால் தொட்டது இவன்தானே? செல்லப்பன் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மனம் கேட்டுவிட்டது. மோட்டார் எண்ணெயோடு விளக்கெண்ணெய் சேராது. சூட்டில் இரண்டும் முறைத்துக்கொண்டு பிசினாகிவிடும். அது தெரியாத ஒருத்தன், நல்ல எண்ணெயில் பாதியை விற்றுவிட்டு அளவு காட்டுவதற்காக இதை ஊற்றியிருக்கலாம். ஹலீம் அப்படித்தான் சொல்வார். கேட்கிறவர்களும் ஆமாம் என்பார்கள். கம்பிவலையைப் பழந்துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார் செல்லப்பன். நான்கு வருஷமாகத் தெரிந்த பையனைப் பார்த்து இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவருக்கே கசந்தது.

உச்சிவேளைக்கு வெள்ளையம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் தூக்குச்சட்டி. கழற்றிப்போட்ட சாமான்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏண்ணே, இவ்வளவையும் பிரிச்சுட்டீங்களே, பழையபடி சேக்க வருமா?”

“வரும் தங்கச்சி. வராட்டி எனக்கு எவன் சோறு போடுவான்?”

“சூடு கொறைஞ்சிருந்துச்சா?”

செல்லப்பன் நிமிர்ந்தார். “என்ன சூடு?”

“இன்ஜின் சூடுதான். தினமும் வந்து பொலம்புவாரு, கொதிக்குது கொதிக்குதுன்னு. சோறுகூட எறங்காது இவருக்கு. அதான் நானும் வாரா வாரம் வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.”

“என்னத்த வெச்சே?” என்றான் வேலு.

“வெளக்கெண்ணெய்தான். வேற என்னத்த வைப்பாங்க? பிள்ளைக்கு உச்சியில வெச்சா சூடு எறங்குதுல்ல? நீங்க சனிக்கிழமை எண்ணெய் தேச்சுட்டுக் கெணத்தடிக்குப் போவீங்கல்ல, அப்ப போயி, நீங்க ஊத்துற அந்த மூடியைத் தொறந்து ஒரு கரண்டி ஊத்துவேன். ஆம்பளைங்களுக்குச் சனிக்கிழமைதானே எண்ணெய்? காருக்கும் அதுதான்னு நெனச்சேன்.”

வேலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பதா அடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டும் செய்யாமல் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அடிப்பாவி! வண்டிக்கா எண்ணெய்க் குளியல் போட்டே? சீயக்காயும் தேச்சுருக்க வேண்டியதுதானே!”

விஷயம் புரிந்ததும் வெள்ளையம்மாவின் முகம் வெளிறிப்போனது. “அப்ப என்னாலயா? உங்களைத் திருடன்னு சொன்னது என்னாலயா?” என்று குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அதைப் பார்க்கமாட்டாமல் செல்லப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலு எழுந்து அவரிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, ஒண்ணு பண்ணுங்க. பேரிங் பழசாயிருச்சு, தானா போச்சுன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா நானா நம்புவாரு. இவ பேரை இழுத்தா ஊரே சிரிக்கும். எண்ணெய்க் குளியல்காரின்னு பேரு வெச்சுருவானுங்க. இவ தாங்கமாட்டா.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“சின்னப் பொய்தானே?”

செல்லப்பன் தூக்குச்சட்டியை அவன் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடு மொதல்ல,” என்றார்.

அன்று பிற்பகலும் மறுநாளும் அவர் பேரிங் வேலையில் இருந்தார். ஈயத்தை உருக்கி வார்த்து, ஆறவைத்து, தண்டின்மேல் விளக்குக்கரியை மெல்லிசாகப் பூசி, அதைப் பேரிங்கில் வைத்துச் சுற்றிப் பார்ப்பார். கரி ஒட்டின இடம் மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் மயிரளவு சீவுவார். மறுபடி பூசி, மறுபடி சுற்றி, மறுபடி சீவுவார். அவசரப்பட்டால் பள்ளமாகிவிடும். கரி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படியும்வரை இந்தக் காரியத்துக்கு முடிவு கிடையாது. கை அது பாட்டுக்குச் சீவ, மனம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

பொய் சொன்னால் அந்தப் பெண் தப்பிப்பாள். ஆனால் பேரிங் தானாகப் போகவில்லை. உண்மையை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் தன் நாக்கு சுத்தமாக இருக்கும், அவர்கள் தெருவில் நிற்பார்கள். அப்படிப்பட்ட சுத்தத்தை முருகன் கேட்டாரா?

யோசித்துக்கொண்டே இருந்தவருக்குப் போன மாதத்து ஒரு காலை நினைவுக்கு வந்தது. வேலு வாசலில் நின்று, “அண்ணே, மேட்டுல ஏறினா தண்ணி கொதிச்சு ஆவி அடிக்குது, என்னான்னு பாருங்களேன்” என்று கேட்டான். கையில் பஸ் வேலை இருந்தது. “குளுந்த தேசத்துல செஞ்ச வண்டிடா, இந்த ஊரு வெயிலுக்குச் சூடாத்தான் இருக்கும் போ,” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினது அவர்தான். அது உண்மையும்தான். அந்தக் காரில் தண்ணீரைத் தள்ளிவிட பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ஆறினது தானாகக் கீழே இறங்கவேண்டும். குளிர்தேசத்துக்கு அது போதும். இங்கே போதாது என்று தெரிந்திருந்தும், போதுகிற மாதிரி செய்துகொடுக்க அவர் எழுந்திருக்கவில்லை. வேலு ஹலீமிடமும் சொல்லியிருப்பான். கேட்ட யாரும் ஒன்றும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

சுரண்டியைக் கீழே வைத்தார். எந்த இடம் மேடு என்று இப்போது தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகைத் தொப்பியோடும் அத்தர் மணத்தோடும் ஹலீம் வந்தார். வேலுவும் வெள்ளையம்மாவும் தூணோரமாக நின்றார்கள்.

“ம், சொல்லு.”

“சொல்றேன் நானா. மொதல்ல எங்கிட்டேயிருந்து ஆரம்பிக்கிறேன்,” என்றார் செல்லப்பன். வேலு வந்து கேட்டதையும் தான் விரட்டினதையும் சொன்னார். “இவன் உங்ககிட்டயும் சொன்னானா நானா?”

ஹலீம் தாடியைத் தடவினார். “சொன்னான். ரெண்டு மூணு தடவை சொன்னான். நோன்புப் பெருநா யாவாரம் முடியட்டும்னு விட்டுட்டேன். அதுக்கென்னா இப்ப?”

செல்லப்பன் கம்பிவலையை எடுத்துக் காட்டினார். அதற்குமேல் அவர் பேசவேண்டியிருக்கவில்லை. வெள்ளையம்மா தானாகவே முன்னால் வந்து, தலை குனிந்தபடி, சனிக்கிழமை, கரண்டி, மூடி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க. திருடன்னு மட்டும் சொல்லாதீங்க,” என்றாள்.

ஹலீம் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு செல்லப்பன் பக்கம் திரும்பி, “சூட்டுக்கு என்னா வழி?” என்று மட்டும் கேட்டார்.

“பம்பு ஒண்ணு வெக்கலாம். கவுந்துபோன லாரியோடது எங்கிட்ட கெடக்கு. விசிறியும் மாட்டிட்டா மேட்டுல நிக்காது.”

“வெய்யி. முடிஞ்சதும் ஆள் அனுப்பு.” குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலு இருக்கிறானா போகிறானா என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளையம்மா அறையில் பாத்திரங்களைக் கட்டிவைத்தாள். அவிழ்க்கவும் மனமில்லை, தூக்கிக்கொண்டு கிளம்பவும் துணிவில்லை.

வேலு மட்டும் தினமும் பட்டறைக்கு வந்தான். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பம்பைப் பிரித்துத் துரு நீக்கினான். செல்லப்பன் கடைசல் எந்திரத்தில் புது உருளை ஒன்று கடைந்து கிராங்க் தண்டின் முனையில் மாட்டி, தோல்வாரை இழுத்து, பம்பும் விசிறியும் ஒன்றாகச் சுற்றும்படி செய்தார். முதல் தடவை வார் நழுவியது. உருளையின் நடுவைக் கொஞ்சம் உயர்த்திக் கடைந்ததும் பிடித்துக்கொண்டது. குழாய்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, பிசினின் சுவடே இல்லாமல் புது எண்ணெய் ஊற்றி, ஹலீமுக்கு ஆள் அனுப்பினார்கள்.

ஹலீம் வந்தார். வேலு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

“ஏன் அங்க நிக்கிறே? எடு வண்டியை,” என்றார் ஹலீம்.

வேலு கைப்பிடியைச் சுற்றினான். கார் ஒரே சுற்றில் எழுந்துகொண்டது. ஹலீம் அவன் பக்கத்திலும் செல்லப்பன் பின்னாலும் ஏறிக்கொள்ள, யோங் பெங் ரோட்டு மேட்டை ஏறி இறங்கித் திரும்பினார்கள். செல்லப்பன் முன்னால் குனிந்து குனிந்து ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி வரவில்லை. ஹலீம் ஏதோ ஓதுகிற மாதிரி உதட்டை அசைத்தார்.

“காப்பிக்கடையில நிறுத்து,” என்றார்.

பலகைகளில் டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து பகாட் ஊருக்குப் பஸ் ஓட்டும் ஐயாசாமி குரல் கொடுத்தான்: “என்னா வேலு! எண்ணெய் யாவாரமெல்லாம் எப்படிப் போகுது?”

எல்லோரும் சிரித்தார்கள். வேலு ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தான். ஹலீம் ஒரு காலைத் தரையில் வைத்தபடியே பேசினார்.

“ஐயாசாமி, அதை இங்க நின்னு கத்தினவன் நான். தப்பு. இவன் ஒரு சொட்டு எண்ணெய் களவாங்கல. வண்டிக்குச் சூடு தாங்கல. இவன் வந்து வந்து சொன்னான், நான் காதுல வாங்கல. குத்தம் என்னோடது.”

“இல்ல நானா, எண்ணெயில என்னமோ கலந்திருந்துச்சுன்னு...”

“கலந்துச்சு. நான் கவனிக்காம விட்டதாலதான் கலந்துச்சு. இதுக்கு மேல ஒனக்கு என்னா வேணும்? காப்பி ஒண்ணு வேணுமா? குடி, நான் வாங்கித் தாரேன்.”

எந்தக் கையால், எந்தக் கிழமையில் என்று யாரும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டார்கள். மனிதருக்குள் ஆண்டவன் எங்கே குடியிருக்கிறான் என்று செல்லப்பன் பல கோயில்களில் கேட்டதுண்டு. அன்று அவர் கேட்கவில்லை.

ஹலீம் பலகையில் உட்கார்ந்து, “வேலு, வா, உக்காரு,” என்றார்.

முதலாளி பக்கத்தில் வேலு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தயங்கித் தயங்கி வந்து பலகையின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். ஹலீம் அவனைப் பார்க்காமலே, கோப்பையைத் தூக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.