இந்தா முதலாளி பட்டறை

எஞ்சின் பட்டறையின் வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டின்தான் காத்திருப்பவர்களுக்கு ஆசனம். எத்தனையோ வண்டிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் தகரம் இரண்டு பக்கமும் குழிந்து போயிருந்தது. இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. வேன்காரர் அதில் உட்கார்ந்து தன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பதற்குத் தலையை நாலு பக்கமும் திருப்ப வேண்டியிருந்தது. பிளாக் ஒரு மூலையில் மரக்கட்டைகளின் மேல் நின்றது. ஹெட் ஜன்னலோரம் இருந்தது. வால்வுகள் பழைய பெயிண்ட் டப்பாவில் குச்சி குச்சியாக நின்றன. கிராங்க் லேத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். எந்த லேத் என்று சொல்லவில்லை. ஆயில் சம்ப்பில் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. அந்தப் பட்டறைக்கு வந்த வண்டிகள் கிடந்த கிடையில், ஒரு லாரியின் பானெட்டுக்குள் செடி முளைத்து, பூத்து, காய்த்து, விதையும் போட்டுவிட்டது. ஒரு காரின் பின்சீட்டில் குட்டி போட்ட பூனைகள் கொள்ளுப்பேத்தி எடுத்துவிட்டன.

முதலாளி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கையில் அழுக்கு இருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எப்போதும் துடைத்துக்கொண்டேதான் வருவார்.

“இந்தா முடிஞ்சிருச்சுண்ணே.”

“நேத்தும் அப்படித்தான் சொன்னீங்க,” என்றார் வேன்காரர். அவர் பேசுவது அவருடைய சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கும்.

“நேத்து இந்தா முடியுதுன்னேன். இன்னிக்கு இந்தா முடிஞ்சிருச்சுங்கிறேன். வேலை நகருதுல்ல?”

இந்தச் சொல்லால்தான் ஊரில் அவருக்கு இந்தா முதலாளி என்று பெயர். வேன்காரர் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி வரவே இல்லை. ஏன் புகைகிறது என்று கேட்கத்தான் வந்தார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஹெட் தரையில் இறங்கி, நட்டும் போல்ட்டும் வாளியில் கிடந்தன. பிரித்த எஞ்சினை மூட்டை கட்டிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகிறவர் யாரும் உலகத்தில் இல்லை என்பது இந்தா முதலாளிக்குத் தெரியும்.

வேன்காரருடைய வேலை ஆஸ்பத்திரி அழுக்குத் துணியைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோவது; வெளுத்த துணியைத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி. வேன் இல்லாத இந்த நாட்களில் வாடகை ஆட்டோ ஒன்றில் மூட்டைகளைத் திணித்து, மிச்ச மூட்டைகளின் மேல் தானே படுத்துக்கொண்டு போய்வந்தார். ஆட்டோவுக்குக் கொடுத்தது போக அவருக்கு மிஞ்சியது முதுகுவலிதான். அவர் மனைவி அதே சலவைக்கூடத்தில் ஆவி உருளையில் விரிப்புகளை விடுகிறவள். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் அப்பளம் போல விறைத்து வரும். அவள் கையில் வளையல் போடுகிற இடமெல்லாம் சிவப்பாகக் கன்றியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் அம்மா வேன்காரரைக் கூப்பிட்டார்.

“இங்க பாருங்க, ஆஸ்பத்திரிக்காரங்க என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க. நோயாளி வெறும் மெத்தையில படுத்திருக்காராம். திங்கக்கிழமை காலைல உங்க வேன் இங்க நிக்கணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க.”

“இல்லம்மா, வந்துரும்.”

“என்ன சொன்னீங்க? காதுல விழல.”

அன்று வீட்டில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அங்க போய் நீங்க என்னதான் கேக்குறீங்க?”

“எப்ப கிடைக்கும்னு கேக்குறேன்.”

“எப்படி? என்னைக் கேட்டுக் காட்டுங்க.”

அவர் கேட்டுக் காட்டினார்.

“இது கேக்குறதா? எங்கப்பாகிட்ட என்னைப் பொண்ணு கேட்டப்போகூட இதைவிடச் சத்தமாக் கேட்டீங்களே. நாளைக்கு நான் வர்றேன்.”

சனிக்கிழமை அவள் பட்டறைக்குள் போய் வாயைத் திறந்ததும் தகரக்கூரை அதிர்ந்தது. ஆணியில் மாட்டியிருந்த கேஸ்கெட்டுகள் ஊசலாடின. தெருமுனையில் ஸ்டாண்டு போட்டு நின்ற சைக்கிள் மெல்லச் சாய்ந்தது. சம்ப்பில் படுத்திருந்த பூனை எங்கே போனதென்று அதன்பிறகு யாருக்கும் தெரியாது.

“திங்கக்கிழமை வண்டி இல்லன்னா எங்க பொழப்புப் போச்சு, தெரியுமா உங்களுக்கு? தினமும் இந்தா இந்தான்னு எதைக் காட்டுறீங்க? ஒரு ஸ்குரூவாச்சும் கண்ணுல காட்டுங்க பாப்போம்!”

இந்தா முதலாளி கை துடைப்பதை நிறுத்தினார். “ஏய் நெட்டை! எல்லாத்தையும் போட்டுட்டு அக்கா எஞ்சினை எடு. இந்தா, எடுத்துட்டான் பாருங்கக்கா.”

ஒரு காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் நெட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். கால் வந்து, இடுப்பு வந்து, முழுசாக வந்து முடிய வெகுநேரம் ஆனது. பட்டறைக்கு இருந்த ஒரே மெக்கானிக் அவன். பாதி முறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு இவர்களுடைய பிளாக்குக்கு முன்னால் குந்தினான்.

“உன்னைக் கத்தல தம்பி,” என்றாள் அவள் குரலை இறக்கி.

“கத்துங்கக்கா, பரவாயில்ல. இங்க யாரு கத்துறாங்களோ அந்த வண்டிலதான் நான் அன்னிக்கு. கத்தலன்னா எதுல கைவைக்கிறதுன்னு எனக்கே தெரியாது. அண்ணன் பாவம், வந்து வந்து உக்காந்துட்டுப் போவாரு. டீ குடிக்க வர்றாருன்னே நெனச்சுட்டேன்.”

“இன்னொரு ஆளைப் போடச் சொல்றதுதானே?”

“சொன்னேன். இந்தா வர்றான்னாரு.”

“உன் சம்பளமாச்சும் ஒழுங்கா வருதா?”

“அதுவும் இந்தா வருதாம்.”

அவள் வேன்காரரைப் பார்த்தாள். அவர் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார்.

நெட்டை லேத்துக்கு ஓடிக் கிராங்கை வாங்கிவந்து, ஒரு பிஸ்டனைத் துடைத்து மாட்டினான். மத்தியானம் சிமெண்ட் லாரிக்காரர் ஒருவர் வந்து நின்றார். அவர் குரலுக்கு முன்னால் வேன்காரர் மனைவியின் குரல் கொலுசுச் சத்தம். நெட்டை ஸ்பேனரைக் கீழே வைத்து, ‘பாத்தீங்களாக்கா’ என்கிற முகத்தோடு எழுந்து போனான். அவள் மறுபடியும் கத்தினாள். அவர் அதற்கு மேல் கத்தினார். பொழுது சாயும்வரை நெட்டை அங்குமிங்குமாக நடந்ததில் தேய்ந்த செருப்புக்கு ஒரு பாதயாத்திரையே போய்வந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எஞ்சின் வேனுக்குள் ஏறியது. சாவியைத் திருப்பியதும் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வேன்காரர் கண்ணில் நீர் வந்துவிட்டது. நெட்டை மட்டும் பானெட்டை மூடாமல் நின்றான்.

“மொதலாளி, அந்த ரிங்கு…”

“இந்தா ஓடுதுல்ல! மூடுடா. அண்ணே, எடுத்துட்டுப் போங்க. ராசாவாட்டம் ஓட்டலாம்.”

திங்கட்கிழமை விடியும்போதே வேன் ஆஸ்பத்திரிக்குப் போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்தது. சாமான் இறக்கும் கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு ஏற்றம் உண்டு. அந்த நேரம் கதவுக்கு உள்ளே, தள்ளுவண்டிகளில், இரவு ஷிப்டு மடித்து வைத்த விரிப்புகள் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. வேன்காரர் வேனைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து, ஏற்றத்தில் நின்றுவிடாமல் இருக்க, நன்றாக மிதித்தார்.

புகைக்குழாயிலிருந்து ஒரு யானைக் கூட்டம் வெளியே வந்தது. கறுப்பாக, தடியாக, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக, திறந்திருந்த கதவு வழியே அவசரமே இல்லாமல் உள்ளே நடந்துபோனது. சலவைக்கூடம் முழுக்க இருட்டியது. எல்லோரும் இருமினார்கள். இருமல் நின்று புகை இறங்கியபோது, தள்ளுவண்டிகளில் இருந்த விரிப்புகளின் மேல் எள்ளை அள்ளித் தூவியது போலக் கரி உட்கார்ந்திருந்தது. ஆவி உருளை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் அம்மா மேலே இருந்த விரிப்பில் ஒரு விரலால் கோடு இழுத்தார். விரலைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று வேன்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“மூட்டையை இறக்கிட்டு வேனை வெளிய எடுங்க,” என்றார் அவர். “இனிமே இங்க கொண்டுவர வேண்டாம்.”

அன்று ஷிப்டு முடிந்தும் மனைவி வீட்டுக்கு வரவில்லை. உதவிக்கு நின்ற பெண்களைக்கூட அனுப்பிவிட்டாள். “போங்கடி. எங்க வீட்டுக் கரி. நானே துவைச்சுக்கிறேன்.”

வேன்காரர் நேராகப் பட்டறைக்குப் போனார். புகை வழிநெடுக அவருக்குப் பின்னால் வந்தது. இறங்கியதும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினார். பழக்கமில்லாத குரல் நடுவழியில் உடைந்து, கீச்சென்று வெளியே வந்தது.

“என் வேலையே போச்சுய்யா!”

“இந்தா, இருங்க. எஞ்சின் வேலை செஞ்ச வண்டியக் கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தானே ஓட்டணும்? நீங்க ஏத்தத்துல வச்சு மிதிச்சா?”

“நீங்க அப்படிச் சொல்லவே இல்லையே. ராசாவாட்டம் ஓட்டலாம்னுதானே சொன்னீங்க.”

“ராசா என்ன, ஏத்தத்துலயா மிதிப்பாரு? சரி, இப்பச் சொல்றேன். மெதுவா ஓட்டுங்க.” அவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நெட்டை பக்கத்தில் வந்து நின்றான். அவன் குரல்தான் இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. “பிஸ்டனுக்குப் போட்டது பழைய ரிங்குண்ணே, அதான் புகையுது. ஞாயித்துக்கிழமை புதுசு எங்க கிடைக்கும்? வேற வண்டிலேர்ந்து கழட்டினதைத் துடைச்சுப் போடச் சொன்னாரு. நான் சொல்லத்தான் வந்தேன்…”

“தெரியும். பானெட்டைப் பிடிச்சுட்டு நின்ன.”

“உங்க வேலை நெசமாவே போயிருச்சாண்ணே?”

வேன்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில், கேஸ்கெட்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டினார். “புது ரிங்கு எந்தக் கடையில கிடைக்கும்னு சொல்லு. நான் போய் வாங்கிட்டு வர்றேன்.”

இனி அவர் எந்தத் திங்கட்கிழமைக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. அதனால் வேலை அழகாக நடந்தது. அவர் பிஸ்டன் மேலிருந்த கரியைச் சுரண்டினார். வால்வுகளை ஒவ்வொன்றாக டீசலில் கழுவினார். நெட்டை கேட்பதற்கு முன்பே ஸ்பேனரை நீட்டினார். இடையில் கத்த வந்தவர்கள் அவரையும் ஒரு மெக்கானிக் என்று நினைத்து அவரிடமும் கத்தினார்கள். மறுபடி எஞ்சின் ஏறியபோது நெட்டை ஒரு டம்ளர் தண்ணீரைப் பானெட் மேல் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னான். எஞ்சின் ஓடுவது தண்ணீருக்குத் தெரியவில்லை. வேன்காரர் புகைக்குழாய்க்கு நேரே தன் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

அந்தக் கைக்குட்டையைக் காட்டிப் பேசலாம் என்று சலவைக்கூடத்துக்குப் போனார். சாமான் இறக்கும் கதவில் புதிதாக ஒரு மஞ்சள் வேன் நின்றிருந்தது. அதன் டிரைவர் இளவட்டம், விசிலடித்துக்கொண்டே மூட்டைகளை இறக்கினான். வேன்காரர் கேட்டிலேயே திருப்பிக்கொண்டார். அவர் மனைவி இரண்டு விரிப்புகளுக்கு நடுவிலிருந்து பார்த்தாள். கையில் பிடித்திருந்த முனையை உருளை இழுத்துக்கொண்டு போனது.

இந்தா முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும், “அடப்பாவமே,” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “வேற ஆளைப் போட்டுட்டாங்களா? இந்தா, ஒண்ணு பண்ணலாம். வழியில நின்னுபோன வண்டிய இழுத்துட்டு வர நமக்கு ஆள் இல்ல. நீங்க இழுத்துட்டு வாங்க. மொதல்ல உங்க பில்லுக்குக் கழிச்சுக்குவோம். அப்புறம் கூலி.”

வீட்டில் மனைவி மருந்து தடவிய கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கேட்டாள். “யாருக்கு வண்டி இழுக்கப் போறீங்க? அந்தாளுக்கா?”

“மத்த எல்லா எடத்துலயும் கேட்டாச்சு. யாரும் கூப்பிடல.”

“சத்தமாக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

அவள் மருந்து டப்பாவை மூடினாள்.

முதல் வண்டி ஒரு காய்கறி வியாபாரியுடையது. சந்தைக்குப் போகிற வழியில் மூச்சு நின்று ஓரமாகக் கிடந்தது. வியாபாரியின் மச்சான் பின்வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, வேன்காரர் கயிறு கட்டி இழுத்தார். வியாபாரி முன்னால் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு கூடை தக்காளி இருந்தது. வெயிலில் அது வாடிவிடாமல் இருக்கத் துண்டை நனைத்து மூடியிருந்தார்.

“நாளைக்கு மறுநாள் அடுத்த சந்தைண்ணே. அதை விட்டா அந்த இடத்துல வேற ஆள் கடை போட்டுருவான். இந்தப் பட்டறை எப்படி? சொன்ன நாளுக்குக் குடுத்துருவாங்களா?”

சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேன்காரர் நின்றார். கயிறு தளர்ந்தது.

“நீங்க இவங்ககிட்டதான் செஞ்சீங்களா?” என்றார் வியாபாரி, காதைச் சாய்த்துக்கொண்டு. “எஞ்சின் ஓடுறதே தெரியலையே.”

“இங்கதான் செஞ்சது.”

“ஆகா. அப்பறம் என்ன!” அவர் அதற்குள் போனை எடுத்து வீட்டுக்குப் பேச ஆரம்பித்திருந்தார். “நல்ல பட்டறைதான்டி. நீ ஏன் அழுவுற? விசாரிச்சுட்டேன். இந்த அண்ணன் வண்டியும் அங்க செஞ்சதுதான். என்னது, நம்ப மாட்டியா? இரு, நீயே கேளு.”

போனை எஞ்சின் பக்கமாக, வேன்காரரின் முழங்காலுக்கு அருகில் நீட்டிப் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பாக, அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

வேன்காரர் வாயைத் திறந்தார். பிறகு கியரை விடுவித்து, அந்தப் பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தார்.